ஒன்பது இலக்கங்கள்

கொக்குவில் சந்தியில் எங்கள் கடை.
மேல்மாடியில் டியூஷன், கீழே அழகு.
ஏசி போட்டால் யன்னல் திறக்கக் கூடாது என்பது
பிறேமிளா அக்காவின் முதற் சட்டம்.

ஸ்ட்ரெயிட்னிங் நாள் என்றால்
விடியவே என் மூக்குக்குத் தெரியும்.
கிறீமைப் பூசி, சூட்டிரும்பால் இழுக்க
ஒரு புகை எழும்பும்.
வந்தவருக்கு நனைத்த துவாய் கொடுப்போம்.
எனக்குப் புறங்கை.

அந்த மணம் புதிதில்லை.
உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான்.
ஆய்வுகூட அலுமாரியில்
கண்ணாடிப் போத்தலுக்குள் வெளிறிப்போய்
கால் விரித்து நின்ற தவளையை
டீச்சர் வெளியே எடுத்த அன்றைக்கும்
இதே மணம்தான்.
இசட் புள்ளி போதவில்லை, இங்கே வந்தேன்.
தவளை எனக்கு முதலே வந்திருந்தது.

போத்தலில் பச்சை இலை ஒன்று.
'போமலின் இல்லை' என்று ஸ்டிக்கர்.
கேட்டால் அக்கா இலையைக் காட்டுவா.

ஆவணி முகூர்த்தத்துக்கு
ரொறன்ரோவில் இருந்து வந்தவள் அபெனா.
தாய் சுகிர்தா, எங்கள் ஒழுங்கை.
தகப்பன் கானாக்காரர்.
பெரியம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தா:
"இதைக் கொஞ்சம் படிய வையுங்கோ பிள்ளை,
அல்பத்தில வடிவா வர வேணும்."

இது.

அபெனா 'இதை' அவிழ்த்துவிட்டாள்.
கதிரை போதவில்லை.
என் சீப்பு மூன்று பல்லை
அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

போத்தலைத் திறந்தேன்.
அவள் கை நீட்டி வாங்கிப் பின்பக்கம் திருப்பி
பொடி எழுத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்தாள்.
உடைந்த தமிழில் சொன்னாள்:
ஏழு வயதில் இருந்து பூசினார்களாம்,
பள்ளிக்கூடப் படத்துக்கு முதல் நாள்.
காதோரம் ஒரு பொருக்கு,
ஒவ்வொரு வருசமும் அதே இடம்.
அத்தை அக்குவாவுக்குக் கருப்பையில் கட்டிகள்.
இதால்தான் என்று ஒரு டொக்டரும் அடித்துச் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.
"கடையில எங்களுக்கு எண்டு தனித் தட்டு.
அந்தத் தட்டைக் கடைசியாத்தான் ஆரும் பாப்பினம்."

பிறகு கேட்டாள்:
"நீங்க ஒரு கிழமைக்கு எத்தினை தலை?"

ஒருவரும் கேட்டதில்லை.
விரல் விட்டு எண்ணினேன், காணவில்லை.
முகூர்த்த மாதத்தில் பதினெட்டு.

கழுவின தண்ணி எங்கே போகும் என்று
அவள் கேட்கவில்லை, நானே காட்டினேன்.
பின்வளவில் ஒரு குழாய், இரண்டு வாழை, ஒரு கிடங்கு.
எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கிணறு.
ஆறில்லாத ஊர் இது,
மழையும் சுண்ணாம்புக்கல்லும்தான்.
கல்லெல்லாம் ஓட்டை.
நாங்கள் ஊற்றுவதை அடுத்த வளவு குடிக்கும்,
அடுத்த வளவு ஊற்றுவதை நாங்கள்.
கிணற்றுக்கட்டில் வாய் வெட்டிய வெள்ளைக் கான்:
கிறீம் வந்தது அதில்தான்,
இப்போது அள்ளிக் குளிக்கிற கோப்பை.
பச்சை இலை இன்னும் அழியவில்லை.

அபெனா தண்ணீர் தெளித்து
விரலால் பிரித்துத் தானே பின்னினாள்.
மூன்று மணித்தியாலம்.
பின்தலையில் மட்டும் நான் பிடித்துக் கொடுத்தேன்.
அக்கா முகம் பார்க்கவில்லை.
காசு வாங்கினா.

அல்பத்தில் அவளைப் பின்வரிசையில் நிறுத்தினார்களாம்.
அங்கேயும் அவள் தலைதான்
முதலில் தெரிகிறதாம்.

திங்கட்கிழமை பாங்க்கில் வேலை செய்கிற கஜந்தினி வந்தாள்.
"கோடு மாதிரி நேரா வேணும்."
யன்னலை ஒரு சாண் திறந்தேன்.
அக்கா என்னைப் பார்த்தா, ஏசியைப் பார்த்தா,
ஒன்றும் சொல்லவில்லை.
சம்பளத்தில் சொல்லுவா.

மத்தியானம், சோத்துப் பாசலை அவிழ்க்க முதல்
போத்தலின் அடியில்
'முறைப்பாடுகளுக்கு' என்றிருந்த எண்ணை அழுத்தினேன்.
மணி அடிக்கவில்லை.
திரும்பவும் அழுத்தினேன்.
பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்,
ஒன்பது இலக்கங்கள்.
ஒன்றை அச்சடிக்க மறந்திருக்கிறார்கள்,
அல்லது மறக்கவில்லை.

கடைசி இடத்தில்
பூச்சியத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.
சோறு ஆறுகிறது.
இப்போது நான்கு.